கோவையில் கணக்கு வாத்தியார்... ஆன்லைன் 'ஃபில்டர்' முறைக்கு முன்னோடி! யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

ஆன்லைனில் ஒரு சட்டை வாங்கப் போறீங்க. லட்சக்கணக்கில் சட்டைகள் வந்து நிற்கும். காட்டன், நீலம், 40 சைஸ், 500 ரூபாய்க்குள் என நாலு இடத்தில் டிக் அடிச்சா போதும், பத்து சட்டை மட்டும் மிஞ்சும். தினமும் செய்யும் சாதாரண வேலைதான். ஆனால் ஒரு பொருளை இப்படிப் பல கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்துத் தேடும் சிந்தனையின் வேரைத் தேடிப் போனால், அது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, சென்னையில் ஒரு தமிழர் எழுதிய புத்தகத்தில் போய் நிற்கும்.

அவர் பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரே வரியில் படித்திருப்போம். அந்த வரியில் இடம் பெறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் அடிப்படையில் ஒரு கணக்கு வாத்தியார். கோவை அரசு கல்லூரியிலும் பாடம் நடத்தியவர்.

இன்று கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் 'டேட்டா சயின்ஸ்' போர்டு தொங்குகிறது. அந்தப் பாடத்தை நடத்துபவர்களில் பலர் கணிதம், புள்ளியியல், இயற்பியல் படித்துவிட்டு, திடீரென ஒரு புதிய துறைக்குள் இறக்கிவிடப்பட்டவர்கள். இதே நிலைமை நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரங்கநாதனுக்கும் வந்தது. அப்போது அவருக்கு என்ன உதவி கிடைத்தது? அதை அவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ரங்கநாதன்?

முழுப்பெயர் சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் 1892 ஆகஸ்ட் மாதம் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சீர்காழியில். அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ., எம்.ஏ. முடித்தார். அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவரைப் பெரிதும் கவர்ந்தார். கடைசி வரை அவரைத் தன் குருவாகவே ரங்கநாதன் நினைத்தார்.

எம்.ஏ. முடித்த கையோடு நேராக வகுப்பறைக்குப் போய்விடவில்லை. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதையும் படித்தார். பாடம் தெரிவது வேறு, பாடம் நடத்தத் தெரிவது வேறு என்ற புரிதல் அவருக்கு ஆரம்பத்திலேயே இருந்தது.

கோவையில் என்ன செய்தார்?

1917-ல் அரசுக் கல்விப் பணியில் சேர்ந்தார். 1921 வரை மங்களூர் அரசு கல்லூரியிலும், பிறகு கோவை அரசு கல்லூரியிலும் வேலை. அப்போது மங்களூரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. கோவையில் அவர் வேலை பார்த்தது, இன்று அரசு கலைக் கல்லூரி என்று நாம் சொல்லும் அதே பழைய கல்லூரிதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ரங்கநாதனுக்குத் திக்குவாய் இருந்தது. வகுப்பில் நின்று மணிக்கணக்கில் பேசுவதே தொழிலாக இருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவர் ஒதுங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கட்டுக்குள் கொண்டு வந்தார். கூடவே கணித வரலாறு பற்றிச் சில கட்டுரைகளும் எழுதினார். இந்தக் கட்டுரைகள்தான் பின்னால் அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டன.

1921-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு உதவிப் பேராசிரியராக மாறினார். அந்தக் காலத்தில் சென்னை ஆசிரியர் சங்கத்தின் கணித, அறிவியல் பிரிவுக்குச் செயலாளராகவும் இருந்தார். தான் மட்டும் நல்லா நடத்தினால் போதாது, பக்கத்து வகுப்பு வாத்தியாரும் நல்லா நடத்தணும் என்ற எண்ணம் இங்கேயே தொடங்கிவிட்டது.

900 பேர் போட்டி... வேலை தெரிந்தவர் ஒருவரும் இல்லை!

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம், நூலகர் என்ற புதிய பதவியை உருவாக்கியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஒருவர்கூட நூலகப் பயிற்சி பெற்றவர் இல்லை. நாட்டில் அப்படிப் படித்தவர்கள் கிடைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

ரங்கநாதன் விண்ணப்பம் போட்டதையே மறந்துவிட்டார். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்த பிறகு, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். அந்தத் துறை பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஆராய்ச்சி அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று தேர்வுக் குழு எதிர்பார்த்தது. கணித வரலாற்றுக் கட்டுரைகள் கை கொடுத்தன. 1924 ஜனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார்.

வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே வெறுத்துப் போனார். மாணவர்கள் சூழ இருந்தவருக்கு, ஆளே வராத நூலகத்தில் தனியாக உட்கார முடியவில்லை. பழைய வாத்தியார் வேலையையே திருப்பிக் கொடுங்க என்று போய் நின்றார்.

திருப்புமுனை: பல்கலைக்கழகம் செய்த அந்த ஒரு காரியம்

இங்கேதான் கதையே மாறுகிறது. தெரியாத துறையில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பல்கலைக்கழகம் திட்டவில்லை. உங்க பாடு என்று கைவிடவும் இல்லை. ஓர் ஏற்பாடு செய்தது. லண்டனுக்குப் போய் நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று படித்துவிட்டு வரணும். வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், கணித ஆசிரியர் வேலை அவருக்காகக் காத்திருக்கும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று விஷயங்கள் இருப்பதைப் பாருங்க. ஒன்று, படிக்க நேரம். இரண்டு, முறையான பயிற்சி. மூன்று, தோற்றுப் போனால் திரும்பி வர ஒரு வழி. புதுத் துறைக்குள் இறங்கும் ஆசிரியருக்கு இந்த மூன்றும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரங்கநாதனின் மீதி வாழ்க்கையே பதில்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் பெர்விக் சேயர்ஸ். கிராய்டன் நகர நூலகத்தின் தலைவர் அவர். பாடத்தோடு நிற்காமல், பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் நேரில் போய்ப் பார்த்தார். 1925-ல் ஊர் திரும்பினார். பழைய வாத்தியார் வேலை பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

லண்டனில் ஒரு பெரிய கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகடுகள், கம்பிகள், திருகுகள், சக்கரங்கள். அதே துண்டுகளை ஒரு முறை சேர்த்தால் கிரேன், இன்னொரு முறை சேர்த்தால் வண்டி. கணக்கு மூளை உடனே வேலை செய்தது. அறிவுத் துறைகளையும் இப்படிச் சின்னச் சின்ன துண்டுகளாக வைத்துக்கொண்டு, தேவைக்கு ஏற்பச் சேர்த்தால் என்ன?

அதுவரை புழக்கத்தில் இருந்த டியூவி முறை, பெரும்பாலும் ஏற்கெனவே தயாரித்த பட்டியலை நம்பியது. அறைகள் முன்கூட்டியே கட்டப்பட்ட வீடு மாதிரி. புதிய விஷயம் வந்தால் எந்த அறையில் வைப்பது என்று திணற வேண்டும். ரங்கநாதன் அறைகளைக் கட்டவில்லை. செங்கல்லைக் கொடுத்தார். துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளி, அதாவது கோலன் குறியைப் பயன்படுத்தியதால் 'கோலன் பகுப்பு முறை' என்று பெயர் வந்தது. 1933-ல் புத்தகமாக வெளியானது.

எளிமையா சொல்லணும்னா...

பொள்ளாச்சியில் தென்னையைத் தாக்கிய வேர் வாடல் நோயைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு அறிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே வைப்பீங்க? தென்னை என்ற அலமாரியிலா, நோய் என்ற அலமாரியிலா, பொள்ளாச்சி என்ற அலமாரியிலா?

ரங்கநாதன் முறையில் அந்தக் குழப்பம் இல்லை. எதைப் பற்றிய விஷயம்? தென்னை. அதில் எந்தப் பகுதி? வேர். என்ன பிரச்சினை, என்ன செய்கிறோம்? நோய், அதைத் தடுப்பது. எந்த இடம்? பொள்ளாச்சி. எந்தக் காலம்? இந்த ஆண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துண்டு. எல்லாத் துண்டும் குறிப்பிட்ட வரிசையில் சேர்ந்து ஒரே எண் ஆகிவிடும். பின்னாளில் இந்தக் கேள்விகளை முதன்மைப் பொருள், மூலப்பொருள் அல்லது பண்பு, செயல், இடம், காலம் என ஐந்து அடிப்படை வகைகளாக அவர் வகுத்தார்.

டேட்டா சயின்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஒரு அட்டவணையில் எந்த விவரத்தை எந்தப் பத்தியில் வைப்பது, ஒரே விஷயத்தைப் பத்து பேர் பத்து பெயரில் எழுதினால் எப்படிச் சீராக்குவது, பின்னால் வருபவர் எப்படித் தேடுவார் என்ற கேள்விகள்தான் அங்கேயும் முதல் பாடம். ஷாப்பிங் ஆப்பில் இருக்கும் ஃபில்டருக்கும் இதே அடிப்படைதான். கோலன் முறையை அப்படியே எடுத்துப் போட்டார்கள் என்று அர்த்தமில்லை. கூறுகளாகப் பிரித்துத் தேடும் சிந்தனையை ஒரு முழு அமைப்பாக வளர்த்துக் காட்டியவர் ரங்கநாதன் என்பதை இத்துறையினர் உலகளவில் ஏற்கிறார்கள்.

நூலகத்தை மாற்றியது எப்படி?

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பூட்டிக் கிடந்த அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முக்கியப் பங்கு வகித்தார். 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூல் வெளியானது. அந்த விதிகளின் சாரம் ரொம்பச் சாதாரணமானது. புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் அவருக்குத் தேவையான புத்தகம் கிடைக்கணும். ஒவ்வொரு புத்தகமும் தனக்கான வாசகரைப் போய்ச் சேரணும். தேடுபவரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு இடம் விட்டுத் திட்டமிடணும்.

அதே 1931-ல் மன்னார்குடி பகுதியில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமங்களுக்குப் போனது. அந்த முயற்சியின் பின்னாலும் இந்தச் சங்கத்தின் சிந்தனை இருந்தது.

வாத்தியார்களுக்கு வாத்தியார்

தனக்குக் கிடைத்த பயிற்சி தன்னோடு முடிந்துவிடக் கூடாது என்பதில் ரங்கநாதன் உறுதியாக இருந்தார். 1929-லேயே சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகமே அதை ஏற்றுக்கொண்டது. லண்டன் போக வசதி இல்லாதவர்கள் சென்னையிலேயே படிக்கும் நிலை வந்தது.

1945-ல் சென்னையை விட்டு விலகினார். ஓய்வாக எழுதிக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தவரைக் காசி இந்து பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைப் பகுத்து ஒழுங்குபடுத்தும் வேலையைத் தானே இழுத்துப் போட்டுச் செய்தார். 1947-ல் டெல்லி பல்கலைக்கழகம் போனார். நூலக அறிவியலில் முதுகலையும் ஆராய்ச்சிப் படிப்பும் அங்கே வேர் பிடித்தன. ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்கள் தயாரானார்கள்.

1962-ல் அடுத்த கட்டம். புள்ளியியல் மேதை மகாலனோபிஸ் உருவாக்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை ரங்கநாதன் தொடங்கினார். எண்களை ஆராயும் நிறுவனத்துக்குள், தகவலை ஒழுங்குபடுத்தும் மையம். புள்ளியியல், தகவல், பின்னால் வந்த கணினி ஆகியவை ஒரே கூரையின் கீழ் வந்தன. அந்த மையம் இன்றும் இயங்குகிறது.

கொங்கு மண்ணும் ஒரு சட்டமும்

கோவையில் பாடம் நடத்திய இந்த மனிதரின் பெரிய கனவு ஒன்று நிறைவேறியதிலும் கொங்கு நாட்டுக்காரர் ஒருவருக்குப் பங்கு இருக்கிறது. பொது நூலகங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் பல ஆண்டுகள் மசோதா எழுதி எழுதிக் காத்திருந்தார். சுதந்திரம் கிடைத்த காலகட்டத்தில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு.அவினாசிலிங்கம். திருப்பூரில் பிறந்தவர், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை வளர்த்தவர். அவர் அமைச்சராக இருந்தபோதுதான் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது.

வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என்று இன்றும் கட்டுகிறோமே, அதன் ஆரம்பம் இந்தச் சட்டம்தான். யாராவது நன்கொடை கொடுத்தால்தான் நூலகம் என்ற நிலையை மாற்றி, ஒவ்வோர் ஆண்டும் நிச்சயமாகப் பணம் வரும் வழியை அது உருவாக்கியது.

சேர்த்த பணம் எங்கே போனது?

ரங்கநாதனின் சொந்த வாழ்க்கையில் இழப்பும் இருந்தது. முதல் மனைவி ருக்மிணி 1928-ல் கோயில் குளத்தில் தவறி விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். இருவரும் எளிமையாக வாழ்ந்தார்கள். 1950-களின் நடுவில், வாழ்நாள் சேமிப்பில் இருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மனைவி பெயரில் நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கத்தான் அந்தப் பணம். அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

கட்டடம் கட்டவோ சிலை வைக்கவோ அவர் கொடுக்கவில்லை. ஒரு ஆசிரியர் சம்பளக் கவலை இல்லாமல் தொடர்ந்து பாடம் நடத்தணும், ஆராய்ச்சி செய்யணும் என்பதற்காகக் கொடுத்தார்.

1957-ல் பத்மஸ்ரீ, 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற கௌரவம். 1967-ல் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு நூலும் எழுதினார். கணக்கு வாத்தியார் கடைசி வரை உள்ளே இருந்தார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. கோலன் முறை பழகக் கடினம், எண்கள் நீளமாகிவிடும், பதிப்புக்குப் பதிப்பு மாறியது என்பது பழைய குறை. அவர் பிறந்த இந்தியாவிலேயே பெரும்பாலான நூலகங்கள் இன்றும் டியூவி முறையைத்தான் பயன்படுத்துகின்றன. விடுப்பே எடுக்காமல் உழைத்த அவர், மற்றவர்களும் அப்படியே உழைக்கணும் என எதிர்பார்த்ததும் உண்டு. எல்லா ஆசிரியராலும் அது முடியாது, முடியணும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இன்றைய கோவை கல்லூரிகளுக்கு இதில் என்ன இருக்கு?

1920-களில் நூலகத் துறைக்கு ஆள் இல்லாத மாதிரி, இன்று டேட்டா சயின்ஸ் நடத்தப் போதிய ஆள் இல்லை. பாடத்திட்டம் வேகமாக மாறுகிறது. நன்றாகத் தெரிந்தவர்களை ஐ.டி. நிறுவனங்கள் கூடுதல் சம்பளத்தில் இழுத்துக்கொள்கின்றன. மிச்சம் இருக்கும் ஆசிரியர், காலையில் கற்றுக்கொண்டு மதியம் லேபில் நடத்த வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். இடையில் அட்மிஷன் வேலை, ஆவண வேலை வேறு.

உதவி இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி ஆசிரியர் பயிற்சிகளை நடத்துகிறது. பல்கலைக்கழகங்களில் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. 2025-ல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஆய்விதழ்களைப் படிக்கவும் வழி பிறந்திருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் தொடங்கியது அரசு நிறுவனங்களுக்காக. கொங்கு பகுதியில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். தேவைப்படுபவருக்குத் தேவையான புத்தகம் கிடைக்கணும் என்ற ரங்கநாதனின் விதி இங்கே இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது.

இன்னொரு குறை, பாடத்தில் வரும் உதாரணங்கள். எங்கோ வெளிநாட்டு வீட்டு விலை, கப்பல் பயணிகள் பட்டியல் என்றே மாணவர்கள் பழகுகிறார்கள். பக்கத்திலேயே நாமக்கல் முட்டை விலை தினமும் அறிவிக்கப்படுகிறது. ஈரோட்டில் மஞ்சள் ஏலம் நடக்கிறது. சிறுவாணி அணையின் நீர்மட்டம் செய்தியில் வருகிறது. இவற்றைத் திரட்டி, சீராக வகைப்படுத்தி, பல கல்லூரி ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும்படி வைத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே அல்லாட வேண்டியதில்லை. அந்த வகைப்படுத்தும் வேலையை முறையாகப் படித்தவர் ஒவ்வொரு கல்லூரியிலும் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். கல்லூரி நூலகர்தான் அவர்.

காந்திபுரம் அருகே அனுப்பர்பாளையத்தில் பெரியார் பெயரில் நூலகத்துக்கும் அறிவியல் மையத்துக்கும் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடம் தேவைதான். அதோடு, புதிய பாடத்தை ஏற்கும் ஆசிரியருக்கு ஒரு பருவம் வகுப்பைக் குறைத்துக் கொடுப்பது, முறையான பயிற்சிக்கு அனுப்புவது, சரிவரவில்லை என்றால் பழைய பாடத்துக்குத் திரும்ப அனுமதிப்பது ஆகியவற்றைக் கல்லூரிகள்தான் முடிவு செய்யணும். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு கணக்கு வாத்தியாருக்கு இந்த மூன்றையும் செய்தது.

ரங்கநாதன் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, நாடு முழுவதும் தேசிய நூலகர் தினம். அன்று உங்க கல்லூரி நூலகத்துக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்க.